ஜீப்பின் தரையை மாற்றிய கதை

தூத்துக்குடி உப்புக்காற்றில் பல ஆண்டுகள் நின்ற எங்கள் பழைய ஜீப்பின் ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது, தரைத்தகடு அப்பளம் போல நொறுங்கிக் கீழே மண் தெரிந்தது. விரிப்பின் அடியில் தேங்கிய ஈரமும், பின்சக்கர வளைவின் உள்மடிப்பில் அப்பியிருந்த சேறும் இரும்பை உள்ளிருந்தே அரித்திருந்தன. வெளியே பெயின்ட் கொப்புளிக்கும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

முன்பு ஒரு பட்டறையில் துருவின் மேலேயே தகடு வைத்துப் பற்றவைத்து, பட்டி பூசித் தந்திருந்தார்கள். அந்த இரண்டு தகடுகளுக்கும் இடையில் புகுந்த நீர்தான் மீதியையும் தின்றது.

இம்முறை வேலை பார்த்த, வண்டித் தகடு வேலை செய்யும் டிங்கர் அண்ணாச்சி, சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்து, ‘ணங்’ என்று ஒலிக்கும் நல்ல இரும்பு வரை வெட்டியெடுத்தார். பேட்டரி இணைப்பையும் டீசல் டேங்கையும் கழற்றிய பிறகே வெல்டிங். அட்டையில் அளவு வெட்டிப் பார்த்து, 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மி.மீ. தகட்டைப் பொருத்தினார். ஒரே இழுப்பாகப் பற்றவைத்தால் சூட்டில் நெளியும் என்பதால், தள்ளித் தள்ளிப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, இடைவெளிகளை நிரப்பினார். தரையை விட, சக்கர வளைவைத் தட்டி உருவாக்கத்தான் அதிகப் பொறுமை தேவைப்பட்டது. பிறகு துருத் தடுக்கும் துத்தநாக பிரைமர், மூட்டுகளில் நீர் புகாமல் அடைக்கும் சீலன்ட், அடியில் அண்டர்கோட்டிங் என்னும் காப்புப் பூச்சு. நீர் வடியும் துளைகள் அடைபடாமல் நானே குனிந்து பார்த்துக்கொண்டேன்.