அந்த 43 பருந்துகள்

ஞாயிற்றுக்கிழமை வானத்தில் இல்லாத 43 பருந்துகளை நான் பறக்க விட்டிருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் வீட்டில் ஒருத்தரும் நம்பவில்லை, அம்மா உட்பட.

போன வசந்தத்தில் வலசைப் பறவை எண்ணப்போய்க் கழுத்துப் பிடித்து, ஒரு வாரம் விட்டத்தைப் பார்த்தபடியே நடமாடினேன். இப்போதும் அதே குன்றுதான். இந்த முறை எனக்குப் பதவி உயர்வு. வெள்ளிக்கிழமையே கையில் எண்ணும் கருவி கொடுத்துவிட்டார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற வெள்ளி நிறச் சாமான். கட்டைவிரலால் அமுக்கினால் டக் என்று ஒரு எண் ஏறும். பக்கத்துக் குமிழைத் திருகினால் நாலு கட்டத்திலும் பூஜ்யம் வந்துவிடும். திருகினால்.

எனக்கு ஒதுக்கியது பருந்து மட்டும். வேறு எந்த வேட்டைப் பறவை வந்தாலும் 'அடையாளம் தெரியாத கொன்றுண்ணி' என்று எழுதச் சொல்லிவிட்டார் எங்கள் குழுத் தலைவர். படிவத்திலேயே அப்படி ஒரு கட்டம் இருக்கிறது. என்னை மாதிரி ஆட்களை நினைத்துத்தான் அச்சடித்திருப்பார்கள். விராலடிப்பான், பூனைப்பருந்து மாதிரி மற்ற வேட்டைப் பறவைகள் எல்லாம் டெலஸ்கோப் பிடிக்கிற தம்பியின் இலாகா. பருந்துக் கூட்டம் வந்தால் டீச்சரம்மாவும் நானும் தனித்தனியாக எண்ணி, அப்புறம் ஒப்பிட வேண்டும். அவர் இருபது வருடமாக எண்ணுகிறவர்.

"பூஜ்யம் பார்த்துக்கிட்டீங்களாண்ணா?" என்று தம்பி கேட்டான். "ஆங்" என்றேன்.

முதல் ஒரு மணி நேரம் துடைத்து வைத்தாற்போல் நீலம். மற்றவர்களுக்கு அது நல்ல நாள், எண்ணுகிறவனுக்குத் தலைவலி. வெறும் நீலத்தில் உயரப் போகிற பறவை கண்ணில் படாது. பின்னால் நாலு வெள்ளை மேகம் நின்றால்தான் புள்ளியாவது தெரியும். தலைவர் யார் கருவியையும் பார்க்காமலே படிவத்தில் 0 போட்டார். ஒன்றும் வரவில்லை என்பதும் தகவல்தானாம்.

சும்மா உட்கார்ந்தால் தலைவர் பதூமிக்குப் போய்விடுவார். உடம்போடு அல்ல, பேச்சில். ஜார்ஜியாவில் கருங்கடலுக்கும் காகசஸ் மலைக்கும் நடுவே இருக்கிற ஊர். கடல்மேல் வெப்பக்காற்று சரியாக எழும்பாது, அதனால் சிறகடிக்காமல் மிதந்து போகிற பறவைகள் கடலைச் சுற்றிக்கொண்டு அந்த இடுக்கு வழியாக வரும். இலையுதிர் காலத்தில் பத்து லட்சத்துக்கு மேல். "பத்து லட்சம்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் எங்கள் குன்று ஒரு அடி குட்டையாகிவிடும். வசந்தத்தில் பொதுவாகவே கூட்டம் குறைவுதான். இலையுதிர் காலத்தில் அந்த வருடக் குஞ்சுகளும் சேர்ந்து போகும். வசந்தத்தில் திரும்புவது குளிர்காலத்தைத் தாண்டிப் பிழைத்தவை மட்டும்.

பதினொரு மணிக்குக் கொஞ்சம் மேகம் கூடியது. டீச்சரம்மா கையை நீட்டினார். சோறு கொதிக்கும்போது பருக்கைகள் சுழலுமே, அப்படி ஒரு கூட்டம் வெப்பக்காற்றில் சுற்றிச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தது. சுற்றும்போது எண்ணக் கூடாது, எண்ணினால் அதே பறவையை ஆறு தடவை எண்ணுவோம். உச்சிக்குப் போனதும் ஒவ்வொன்றாகச் சிறகை விறைத்துக்கொண்டு சாரியாக வழுக்கிப் போகும், அப்போதுதான் டக் டக். கண்ணில் தண்ணீர் வழிகிறது, துடைக்கக் கை இல்லை. மூக்கு நுனியில் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தது. இருந்துவிட்டுப் போ என்று விட்டுவிட்டேன். டக் டக் டக்.

கடைசிப் பருந்தும் போனபின் பார்த்தால் டீச்சரம்மா 168, நான் 211.

தலைவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "புதுக் கண்ணு" என்று சொல்லி 211-ஐயே எழுதினார். டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து, மறுபடி துடைத்து, "பவர் ஏறியிருக்கும் போல" என்றார். நான் பெருந்தன்மையாக, "பரவாயில்லைம்மா, வயசானா அப்படித்தான்" என்றேன். மத்தியானம் முழுக்கத் தம்பிக்கு டெலஸ்கோப் பிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தேன்.

ராத்திரி சின்னவள் என் பையைக் குடைந்து கருவியை எடுத்தாள்.

"அப்பா, என் கணக்கை ஏன் அழிச்சீங்க?"

"என்ன கணக்கு?"

"நீங்க 'அஞ்சு நிமிஷம்'னு சொன்னது. வெள்ளிக்கிழமையிலேர்ந்து. 43 வந்திருந்துச்சு."

இரண்டு நாளில் 43 தடவை சொல்லியிருப்பேனா என்பதே சந்தேகம். வீட்டில் மற்ற மூன்று பேருக்கும் அந்தச் சந்தேகம் இல்லை. மனைவி, குறைவாக எண்ணியிருக்கிறாய் என்று அவளைத் திட்டினாள்.

தூக்கம் வரவில்லை. அமெரிக்காவில் ஹாக் மவுண்டன் என்று ஒரு மலை, அதுதான் மனதில் ஓடியது. ஆட்கள் வேடிக்கைக்காகப் பருந்து சுட்டுக்கொண்டிருந்த இடம். ரோசலி எட்ஜ் என்ற அம்மாள் 1934-ல் அதைச் சரணாலயமாக்கினார். சுட்ட இடத்தில் எண்ண ஆரம்பித்தார்கள். பிற்பாடு டிடிடி என்ற பூச்சிமருந்தால் வெண்தலைக் கழுகுகள் குஞ்சு பொரிக்க முடியாமல் தவித்தபோது, கடந்து போகிற இளம் கழுகுகள் குறைந்துவிட்டதை அந்த மலைக் கணக்குதான் காட்டியது. அந்தக் காலத்தில் அங்கே நானும் என் மகளும் இருந்திருந்தால் கழுகுகளின் கதி என்ன?

காலையில் தலைவருக்குப் போன் செய்தேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. 'கருவிக் கோளாறு'ன்னு போட்டுடறேன்" என்றார். டீச்சரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நான் கண்ணாடிக் கடைக்கே போய்ட்டு வந்துட்டேனேப்பா. பவர்ல மாற்றமே இல்லைன்னு அனுப்பிட்டாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

ஒரு விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை. 211-ல் 43-ஐக் கழித்துப் பாருங்கள், 168. டீச்சரம்மாவின் இருபது வருட அனுபவமும் கருவி பிடித்த என் முதல் நாளும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. நான் ஒரு பறவையைக்கூட விடவில்லை. இதை வீட்டில் நாலு தடவை சொல்லிவிட்டேன். அம்மா மட்டும் காது கொடுத்தாள். கேட்டுவிட்டு, "ஒரே பருந்து திரும்பத் திரும்பச் சுத்தியிருக்கும்டா" என்றாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சின்னவள் சாப்பிடக் கூப்பிட்டாள். கூப்பிட்ட கையோடு உள்ளே டக் என்று சத்தம் கேட்டது. நான் இன்னும் வாயையே திறக்கவில்லை.