ரத்தத்தில் எக்சோசோம் தேடிய எட்டு மாதம்

சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பிறகுதான் தெரியவருகிறது. வயிறு உப்பல், பசியின்மை என்று எல்லோருக்கும் வரும் தொல்லையாகவே ஆரம்பிப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கொஞ்சம் ரத்தத்தை வைத்து அதை முன்கூட்டியே பிடிக்க முடியுமா என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. கட்டி ரத்தத்துக்குள் உதிர்த்துவிடும் எக்சோசோம்களைத் தேடினேன். 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ள நுண்பைகள் இவை. தாங்கள் வெளிவந்த செல்லின் புரதத்தையும் ஆர்என்ஏவையும் சுமந்து திரியும். 1983-இல் முதிராத சிவப்பணுக்களில் இவற்றைக் கவனித்தபோது, செல் தனக்கு வேண்டாததை வெளியே தள்ளுகிறது என்றே எடுத்துக்கொண்டார்கள். 2007-இல் சுவீடனில் யான் லோட்வாலின் குழு, ஒரு செல்லின் ஆர்என்ஏவை இவை இன்னொரு செல்லுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைக் காட்டிய பிறகு நிலைமை மாறிவிட்டது.

முதலில் பிளாஸ்மாவை, அதாவது செல்களை நீக்கிய ரத்தத் திரவத்தை, செஃபரோஸ் என்ற நுண்துளை ஜெல் நிரப்பிய வடிகுழாயில் விட்டேன். புரதங்கள் ஜெல்லின் துளைகளுக்குள் புகுந்து தாமதமாக வரும், பெரிய துகள்கள் முன்னால் வந்துவிடும். அரை மில்லியாகப் பிடித்து, துகள் எண்ணும் கருவியில் வைத்தேன். லேசர் வெளிச்சத்தில் வெள்ளைப் புள்ளிகள் துடித்துக்கொண்டே இருந்தன. அவ்வளவு புள்ளிகளைப் பார்த்ததும் மனசு நிறைந்துபோனது.

ஆனால் கணக்கு தலைகீழாக வந்தது. நோயாளிகளைவிட, நோயில்லாத தன்னார்வலர்களிடம்தான் துகள்கள் அதிகம். மூன்று முறை திரும்பச் செய்தும் அதேதான்.

என் கைடு ஒருநாள் மேஜைக்கு வந்து, "ரெண்டு ட்யூபையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாரும்மா" என்றார். நோயாளியின் பிளாஸ்மா தெளிந்த மஞ்சளாக இருந்தது. தன்னார்வலருடையது பால் கலந்ததுபோல் கலங்கியிருந்தது. அப்போதுதான் உறைத்தது. நோயாளிகள் அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றோடு வந்தவர்கள். தன்னார்வலர்கள் நெய்ப் பொங்கலோ பூரியோ சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள். சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் மிதக்கும் கொழுப்புத் துகள்கள் பலவும் எக்சோசோம் அளவேதான். ஜெல் வடிகுழாய் அளவை மட்டும்தான் பார்க்கிறது, எண்ணும் கருவியும் அப்படியே. புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் கொழுப்புத் துகளின் அடையாளமான அப்போ-பி தடித்த பட்டையாக விழுந்தது, எக்சோசோமின் அடையாளப் புரதமான சிடி63 மங்கலாகத்தான் தெரிந்தது. அந்த மாதிரிகளை மொத்தமாக ஒதுக்கிவைத்தோம்.

மறுபடி முதலிலிருந்து. இரு தரப்பினருக்கும் இரவு முழுக்க உபவாசம், காலை 7 மணிக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் போட்ட குழாயில் ரத்தம். குழாயைக் குலுக்காமல், நிமிர்த்தியே எடுத்துவந்து, ஒரு மணி நேரத்துக்குள் 2,500 ஜி-யில் (புவியீர்ப்பைப்போல 2,500 மடங்கு விசையில்) இரண்டு முறை சுழற்றினேன். பிளேட்லெட் மிஞ்சினால், உறையவைத்து உருக்கும்போது அவையே உடைந்து புதுத் துகள்களைக் கொட்டிவிடும். இளஞ்சிவப்பாக மாறிய பிளாஸ்மாவைச் சேர்க்கவில்லை, அதில் சிவப்பணு உடைந்திருக்கும். ஜெல் வடிகுழாய்க்குப் பிறகு அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் என்ற அதிவேகச் சுழற்சிக் கருவியில் 1,00,000 ஜி, 70 நிமிடம். எக்சோசோமுக்கு அடர்த்தி அதிகம், அடியில் இறங்கும். கொழுப்பு மேலே நிற்கும். படிவது கண்ணுக்கே தெரியாது. அதனால் ட்யூபின் வெளிப்பக்கத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு நேர் உள்ளே கழுவி எடுக்கவேண்டும்.

முடி வளர எக்சோசோம் ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது இதைத்தான் சொல்கிறேன். அந்தக் குப்பிக்குள் என்ன இருக்கிறதென்று யார் இப்படிச் சோதித்தார்கள்? அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019 டிசம்பரிலேயே அங்கீகாரமில்லாத எக்சோசோம் சிகிச்சைகள் பற்றி எச்சரித்திருக்கிறது.

எட்டாவது மாதம் தன்னார்வலர்களின் மாதிரிகளில் துகள் எண்ணிக்கை பழையதில் சிறு பங்காகச் சுருங்கியது. ஆனால் எக்சோசோம் அடையாளங்களான சிடி63, சிடி9 இரண்டும் பளிச்சென்று வந்தன, அப்போ-பி ஏறக்குறைய இல்லை. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில், காய்ந்து நடுவில் குழிந்த எக்சோசோம்கள் சின்னக் கிண்ணங்களாக வரிசையாகத் தெரிந்தன. அன்று மாலையே கைடிடம் படத்தைக் காட்டினேன். "சரி, இப்ப நோயாளிகளோட மாதிரியை எடும்மா" என்றார்.