அவில்தானே என்று வாங்கிப் போடாதீர்கள்

அரிப்பா, தும்மலா, பூச்சி கடித்த தடிப்பா, எதுவானாலும் மெடிக்கலில் வந்து கேட்கிற முதல் பெயர் அவில் என்ற அலர்ஜி மாத்திரைதான். கடையில் நிற்கிற மருந்தாளுநராக எனக்கு இதில் பெரிய கவலை வீட்டிலிருக்கும் பெரியவர்களைப் பற்றியது.

அவிலில் இருப்பது ஃபெனிரமின். சளி சிரப்புகளில் வரும் குளோர்ஃபெனிரமின் அதன் நெருங்கிய உறவு. இரண்டும் பழைய தலைமுறை மருந்துகள், அரிப்பையும் தும்மலையும் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுப்பதோடு நிற்காமல் மூளைக்குள்ளும் போகும், அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு பொருளின் வேலையையும் தடுக்கும். தூக்கம் வருவதும் வாய் உலர்வதும் அதனால்தான். இளைஞருக்கு அது அரை நாள் மந்தம், அவ்வளவுதான் (அந்த மந்தத்தோடு பைக் எடுக்கக் கூடாது). ஆனால் பிராஸ்டேட் வீங்கிய 70 வயதுத் தாத்தாவுக்கு ராத்திரியில் சிறுநீர் அடைத்துக்கொண்டு டியூப் போடுகிற நிலைமை வரலாம், பாட்டிக்கு மலச்சிக்கல், தடுமாற்றம், பாத்ரூம் போகும்போது விழுவது, சில சமயம் ஆளையே அடையாளம் தெரியாத குழப்பம். கண் அழுத்தம் உள்ளவர்களுக்கும் ஆபத்து. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பீர்ஸ் பட்டியல், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தப் பழைய வகையைத் தவிர்க்கத்தான் சொல்கிறது.

சரி, புதிய தலைமுறை அலர்ஜி மருந்தான செட்டிரிசின்? பரவாயில்லை, ஆனால் தூக்கமே வராது என்றில்லை, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். மாதக்கணக்கில் தினமும் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் அபூர்வமாகச் சிலருக்குக் கடுமையான அரிப்பு கிளம்புகிறது, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2025-இல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. அதே புதிய வகையில் வரும் ஃபெக்ஸோஃபெனடின் என்றால் தண்ணீரோடு மட்டும் குடியுங்கள், பழச்சாறு அது உடலில் சேர்வதைக் குறைத்துவிடும்.

பஸ்ஸில் குழந்தை தூங்கட்டும் என்று ஃபெனர்கன் (இதுவும் தூக்கம் வரவைக்கும் பழைய வகை மருந்துதான்) கேட்கிறவர்களுக்கு நான் கொடுப்பதே இல்லை. இரண்டு வயதுக்குக் கீழே அது மூச்சையே அடக்கிவிடலாம். குளோர்ஃபெனிரமினும் மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சிரப்பை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் நம் நாட்டிலேயே உத்தரவு வந்தது.

அப்புறம் ஒன்று. இறால் சாப்பிட்டோ ஊசி போட்டோ முகம், நாக்கு வீங்கி மூச்சு இரைத்தால் அவில் விழுங்கிவிட்டுக் காத்திருக்காதீர்கள். அந்த நேரத்தில் உயிர் காப்பது தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.