வாக்கரும் மெரெங்கேயும்

நியூயார்க்கில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் வேலையில் எனக்கு முதலில் ஒதுக்கப்பட்டது ஈஸ்ட் ஹார்லெம். பழைய ஆட்கள் அதை எல் பாரியோ என்பார்கள். நாம் பேட்டை என்கிறோமே, அதேதான்.

இடுப்பு அறுவை முடிந்து வீடு திரும்பியிருந்த புவெர்ட்டோ ரிக்கோ பாட்டி ஒருவர். எண்பதைத் தாண்டியவர். முதல் நாள் உள்ளே போனதும் அலறிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடிக்கு மேல் ஆனால் விழும் அபாயம் உண்டு என்பது எங்கள் கணக்கு. அவருக்கு 31 ஆனது. கிளம்பும்போது, "மிஹா, இனி ரேடியோவில் கை வைக்காதே" என்றார். மிஹா என்றால் மகளே. குரலில் மகள் பாசம் ஒன்றும் இல்லை.

சரி, பாட்டு ஓடட்டும், அதிலேயே நடக்க வைப்போம் என்று சால்சா என்னும் லத்தீன் நடன இசையில் ஆரம்பித்தேன். அது தப்பு. சால்சா எட்டு எண்ணிக்கை. ஆதி தாளம் மாதிரிதானே என்று நினைத்திருந்தேன். ஆனால் 1, 2, 3-இல் கால் வைத்து 4-இல் நிற்க வேண்டும். 5, 6, 7, மறுபடி 8-இல் நிறுத்தம். வாக்கரை, அதாவது நடக்க உதவும் சட்டத்தை, பிடித்திருப்பவர் 4-இல் நின்றால் உடம்பு முன்னால் சாய்கிறது. போதாததற்கு கிளாவே என்ற இரண்டு கட்டைகள், அந்த எட்டு எண்ணிக்கைக்குள் ஐந்தே தட்டு தட்டி, எண்ணிக்கையைக் குழப்பும்.

மெரெங்கேயில் அந்தத் தொல்லை இல்லை. இடது, வலது, இடது, வலது. நடைப் பயிற்சிக்கென்றே செய்த மாதிரி இருக்கும். ஆனால் அது டொமினிக்கன் நாட்டு இசை. "மேலே வாஷிங்டன் ஹைட்ஸ்காரர்கள் கேட்பது" என்று, வடக்கே டொமினிக்கன்காரர்கள் வாழும் பேட்டையைச் சொல்லி முகம் சுளித்தார். அப்புறம் நடந்தார்.

அவர் கணவர் பிளேனா என்ற புவெர்ட்டோ ரிக்கோ இசை வாசித்தவராம். மூன்று அளவுகளில் பாண்டெரெத்தா என்னும் கைப்பறைகள், தெருவில் நடந்த சங்கதிகளைச் சொல்லும் பாட்டு. 'பாடும் செய்தித்தாள்' என்றே அதற்குப் பெயர். கோடை மாலைகளில் தெருமுனையில் இன்னும் சிலர் வாசித்தார்கள். 2017 தொடக்கத்தில் இரண்டாம் அவென்யூ சுரங்க ரயில் இந்தப் பகுதியின் தெற்கு எல்லையான 96-ஆம் தெரு வரை வந்தது. அதே வருஷக் கடைசியில் இந்தப் பகுதியில் உயரமான கட்டடங்களுக்கும் நகர மன்றம் வழிவிட்டது. புதிதாகக் குடிவந்தவர்கள் சத்தம் என்று நகரப் புகார் எண்ணான 311-க்குப் போன் செய்தார்கள். இரவு வேலை பார்த்துவிட்டுத் தூங்குகிறவரும் அவர்களில் இருந்திருக்கலாம். ஆனாலும் பறை முன்னாலிருந்தே இருக்கிறது, ஜன்னல்தான் புதிது. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். வேறொரு பேட்டையில் அப்படிப்பட்ட புதுக் கட்டடத்தில்தான் நானும் வாடகைக்கு இருந்தேன்.

பாட்டியின் வீடு அரசுக் குடியிருப்பு, அதனால் வாடகை அவரைத் துரத்தவில்லை. அவரை அறிந்த கடைகள்தான் ஒவ்வொன்றாகப் போயின. பயிற்சிக்குப் படி இறங்கியபோதெல்லாம் எந்த ஷட்டருக்குப் பின்னால் என்ன இருந்தது என்று கைகாட்டுவார்: இசைத்தட்டுக் கடை, முடிவெட்டும் கடை, காபி கிடைத்த இடம். அந்த நிறுத்தங்களை என் குறிப்பில் 'ஓய்வு, 2 நிமிடம்' என்று எழுதினேன்.

கடைசி நாள் 14 விநாடி. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பையை எடுத்தேன். ரேடியோவில் சால்சா வந்தது. வாக்கரைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நாற்காலி முதுகைப் பிடித்து எழுந்து நின்று, "இப்போது எண்ணு" என்றார். பையைக் கீழே வைத்தேன்.