வால்வு சூடாகும் வரை

விற்பனைக்கு வந்த ஒரு வால்வு ஆம்ப், அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி. சுவிட்சைப் போட்டேன். சத்தமே இல்லை.

"பொறு மக்களே, வால்வு சூடாகட்டும்" என்றார் அதை விற்கும் அண்ணன்.

அரை நிமிஷம் போனது. பின்பக்கம் வால்வு என்கிற கண்ணாடிக் குமிழ்கள் ஒவ்வொன்றாக ஆரஞ்சு நிறத்தில் கனிந்தன. தூசி சூடேறும் வாசனை, தாத்தா வீட்டு ரேடியோ வாசனை.

கிட்டாரில் ஒரு இ மைனர் கார்டு அடித்தேன். மெல்லத் தொட்டால் கோயில் மணி மாதிரி தெளிவு. அழுத்தி அடித்தால் கரகரப்பு, அதுவும் விரல் சொன்ன அளவுக்கு மட்டும். பத்து வருஷமாக வால்வு இல்லாத டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் வாசிக்கிறேன். என் கை இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

ஆனால் அண்ணன் வீடு குளச்சலில், கடலில் இருந்து நாலு தெரு. உப்புக் காற்றில், ஒயர் செருகும் ஜாக்கைச் சுற்றிப் பச்சைக் களிம்பு.

அமெரிக்காவில் ஒரு சின்னப் பட்டறையில் கையாலேயே ஒயர் பற்றவைத்துச் செய்தது. 120 வோல்ட். இங்கே 230, வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் மாட்டவே கூடாது. பவர் வால்வு இரண்டும் இஎல்84 ரகம், மாற்றினால் ஜோடியாக மாற்றணும். பிளக்கை உருவிய பிறகும் கெப்பாசிட்டரில் உயிரை எடுக்கும் மின்சாரம் தேங்கி நிற்கும். நானாகத் திறக்க முடியாது.

அண்ணன் 65,000 ரூபாய் கேட்கிறார். அதைப் புரட்டிவிடலாம். நாளைக்குப் பழுதானால் யார் கை வைப்பது? அதுதான் மனதை அறுக்கிறது.

வடசேரியில் ஒரு பெரியவர் இருக்கிறார், அந்தக் காலத்தில் வால்வு ரேடியோ பார்த்தவர். போன் போட்டேன். "மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லு தம்பி, பார்த்துட்டுச் சொல்லுதேன்" என்றார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரை பைக்கில் ஏற்றிக்கொண்டு போகிறேன்.