அரிகா பனைக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்

சென்னையில் சித்திரை வெயிலுக்கு அஞ்சி நாள் முழுவதும் ஏசியை ஓடவிட்டால், அந்த வறண்ட காற்றில் நம்மைவிட வசதியாகக் குடும்பம் நடத்துவது செஞ்சிலந்திப் பேன்தான். எங்கள் வரவேற்பறை அரிகா பனையின் ஓலைகளில் வெளிர்மஞ்சள் புள்ளிகள் விழுந்தபோது தண்ணீர் போதவில்லை என்றார் அப்பா. கண்பட்டுவிட்டது என்றார் அம்மா. வீட்டு வேலைக்கு வரும் அக்காதான் ஓலை இடுக்கிலிருந்த நூலாம்படையை ஒட்டடைக் குச்சியால் சுற்றி எடுத்துவிட்டு, "சிலந்தியையே காணோம், வலை மட்டும் எப்படி வந்தது?" என்று உருப்படியான கேள்வியைக் கேட்டார்.

ஓலைக்கு அடியில் வெள்ளைத்தாளை நீட்டித் தட்டினேன். மிளகுத்தூள் போல ஏதோ உதிர்ந்தது. சற்று நேரத்தில் அந்தத் தூளில் பாதி நடக்கத் தொடங்கியது. அரை மில்லிமீட்டருக்கு மேல் வளராத, எட்டுக் கால்கள் கொண்ட இந்தப் பேன் பூச்சியினமே அன்று, சிலந்திக்கு உறவு. இலையின் அடிப்புறத்தில் அமர்ந்து சாற்றை உறிஞ்சும் இது, 30 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய ஒரே வாரத்தில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சியை எட்டிவிடும். ஆண் துணையின்றியே பெண் பேன் முட்டையிடும் என்றும், அவை அத்தனையும் ஆணாகவே பிறக்கும் என்றும் நான் விளக்கியதும், "மாப்பிள்ளை தேடும் செலவும் மிச்சம்" என்றார் அம்மா.

நர்சரிக்காரர் கொடுத்த இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லிப் புட்டியை நான் திறக்கவே இல்லை. அது அசுவினி போன்ற சாறுறிஞ்சும் பூச்சிகளுக்குச் சரி. சிலந்திப் பேனை அது கொல்லாது என்பதோடு, பேனைத் தின்னும் நல்ல பூச்சிகளுக்கும் கேடு செய்யும். ஆகவே சனிக்கிழமைதோறும் பனையைக் குளியலறைக்கு நகர்த்தி, ஓலைகளின் அடிப்புறம் முழுவதும் படும்படி கைஷவரில் நீரைப் பீய்ச்சி, பொழுது சாய்ந்தபின் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் கலந்து தெளித்தேன். முட்டைகள் இதற்கெல்லாம் எளிதில் சாவதில்லை என்பதால், அவை பொரிக்கப் பொரிக்க இந்தக் குளியலும் தொடர்ந்தாக வேண்டும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே காத்திருந்த அப்பா, "பெற்ற பிள்ளைகளைக்கூட நீ இப்படித் தேய்த்துக் குளிப்பாட்டியதில்லை" என்று கதவைத் தட்டினார். அன்று வந்த உறவுக்கார அத்தையோ வேப்பெண்ணெய் நெடியை முகர்ந்ததும், வீட்டில் யாருக்குச் சிரங்கு என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

புள்ளி விழுந்த ஓலைகள் மறுபடி பச்சையாவதில்லை, அவற்றை வெட்டிவிட்டேன். ஆனால் அடுத்து விரிந்த குருத்தோலையில் ஒரு புள்ளிகூட இல்லை. செய்தி பரவி, மேல்மாடி அக்கா தம் குரோட்டனைத் தூக்கிக்கொண்டு வந்து, "உங்கள் பனையோடு இதையும் குளிப்பாட்டிவிடுங்களேன்" என்றார். வெள்ளைத்தாள் சோதனையில் தேறும்வரை அதற்குப் பால்கனியில்தான் இடம் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.