கூண்டும் கொடியும்

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் தண்டையார்பேட்டை வீட்டுக் கூடத்தில் அந்த வரைபடத்தை விரிக்க முடிந்தது. நான்கு மூலைக்கும் நான்கு எவர்சில்வர் டம்ளர். மே மாதப் புழுக்கத்தில் நைனா துண்டால் விசிறிக்கொண்டே குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, செவப்பு எழுத்துல இன்னாவோ போட்டுக்கீது?"

"அபாயப் பகுதின்னு போட்டிருக்கு நைனா. ராணுவம் சுடுற எடம்."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அங்க எதுக்குடி போகணும்? வேற மலையே இல்லியா?"

நியாயமான கேள்விதான். இங்கிலாந்தில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் எக்ஸிட்டரிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் ஓக்ஹாம்ப்டன் போய்விடலாம். அதற்கு மேலே டார்ட்மூர் என்னும் மேட்டு நிலம். தென் இங்கிலாந்திலேயே உயரமான ஹை வில்ஹேஸ், 621 மீட்டர், அங்கேதான் இருக்கிறது. அது நிற்பதோ ராணுவத்தின் சுடு களத்துக்குள். கொடுங்கையூர் குப்பை மேட்டைத் தவிர வேறு மேட்டைப் பார்க்காமல் வளர்ந்தவள் நான். 621 மீட்டர் எனக்கு இமயமலை.

அங்கே போன முதல் வருஷம் ஒன்றும் விசாரிக்காமல் கிளம்பிவிட்டேன். தூறலில் ஒரு மணி நேரம் ஏறியபின் சிவப்பு வெள்ளை பட்டை போட்ட கம்பங்கள் வரிசையாக வந்தன. தூரத்துக் குன்றின் மேல் சிவப்புக் கொடி. ஏதோ திருவிழா போல என்று நினைத்தேன், உண்மையாகவே! பக்கத்தில் இருந்த பலகையைப் படித்ததும் வந்த வழியே திரும்பிவிட்டேன். கட்டிக்கொண்டு போன தயிர்சாதத்தை ஸ்டேஷனில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இதில் ரகசியமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஓக்ஹாம்ப்டன், மெரிவேல், வில்ஸ்வொர்த்தி என்று மூன்று களங்கள். எதில் எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை சுடுவார்கள் என்று அரசாங்கமே முன்கூட்டி அட்டவணை போட்டுவிடுகிறது. சுடாத நாளில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். ஆனால் கீழே கிடக்கும் இரும்புத் துண்டு எதையும் தொடக் கூடாது, வெடிக்காத குண்டாக இருக்கலாம். நம் ஊரில் ராணுவ இடம் என்றால் மதில் சுவரைத்தான் பார்த்திருக்கிறோம். அங்கே ஆடும் குதிரையும் மேய்கின்றன.

இதையெல்லாம் நைனாவுக்கு எப்படிப் புரிய வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவரே சொன்னார்: "அட, நம்ம ஆர்பர் கூண்டு மாதிரி."

அதுதான். காசிமேட்டில் முப்பது வருஷம் லாஞ்சில் போனவர். துறைமுகத்தில் எத்தனையாம் நம்பர் புயல் கூண்டு என்று பார்க்காமல் படகை அவிழ்த்ததில்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் பழவேற்காடு பக்கம் வலை போட முடியாது என்பதும் அவருக்குப் பழைய கதை.

"ராத்திரில கொடி எப்படித் தெரியும்? வெளக்கு ஏத்துவானா?"

"ஆமா, செவப்பு வெளக்கு."

"அப்போ நம்ம ஆளுங்கதான்" என்று சிரித்தார்.

அப்புறம் என் டூட்டி ரோஸ்டரையும் சுடும் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அடுத்த வாரம் மூவரும் கிளம்புகிறோம். அதற்கடுத்த வாரம் செவ்வாயும் புதனும் சுடுகிறார்கள். வியாழன் காலி, ஆனால் அன்று காலைதான் எனக்கு நைட் டூட்டி முடியும். சனிக்கிழமை இரண்டிலுமே காலி. நைனாவின் முழங்காலை நினைத்து, மெல்டன் அணையிலிருந்து யெஸ் டோர் குன்று வரை போய், முடிந்தால் அங்கிருந்து ஹை வில்ஹேஸ் என்று பென்சிலால் கோடு போட்டேன். மூடுபனி இறங்கினால் பாதியில் திரும்புவது. செல்போனில் சிக்னல் கிடைக்காமல் போகலாம், அதனால் திசைகாட்டி கட்டாயம்.

"கொடிக்கம்பம் எங்க?" என்றார் நைனா. யெஸ் டோர் உச்சியைக் காட்டினேன். அந்த இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கூண்டு வரைந்தார்.

அம்மா அணைக்கட்டிலேயே உட்கார்ந்துகொள்வாராம், புளிசாதத்தைப் பார்த்துக்கொண்டு.